ஆபீஸ், ஸ்கூல், வாடகை: ஒரு மாட்டுங்கா கணக்கு

மும்பைக்கு மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும், ஆர்டர் கையில் கிடைத்த அன்றைக்கே எனக்கு ஒரு போன் வந்துவிடும். "சார், எந்த ஏரியால வீடு பாக்கலாம்? ஆபீஸ் பக்கமா இருக்கணும், நல்ல ஸ்கூல் இருக்கணும், வாடகை லீஸ் லிமிட்டுக்குள்ள இருக்கணும்." மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் இந்த ஊரில் கிடையாது, ஏதாவது இரண்டைச் சொல்லுங்கள் என்பேன். கேட்கிறவர்களும் பேங்க் ஆசாமிகள் என்பதால் சட்டென்று புரிந்துவிடும்.

இதே கேள்வியை நம்மூர் ஆட்கள் இங்கே கிட்டத்தட்ட நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்தது பி.காம். சரித்திரம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் வீடு தேடி அலைந்த காலத்தில், ஏன் எல்லாரும் மாட்டுங்கா, செம்பூர் என்றே சொல்கிறார்கள் என்று தோண்டப் போய், அது பெரிய கதையாக வந்து நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (பழைய கதைக்குப் பம்பாய், 1995-க்கு அப்புறம் மும்பை. இரண்டும் மாறி மாறி வரும், கண்டுகொள்ளாதீர்கள்.)

ஒரு காலத்தில் சாமானியனுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மில் தொழிலாளி, மில் சங்கு ஊதினால் நடந்து போய்ச் சேருகிற தூரத்தில் ஒரு சாலில் இருந்தான். சால் என்றால் வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் ஒரு நீள நடை, நடைக்கோடியில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் எழுத்து வேலை பார்த்தவர்கள் கிர்காவ், கால்பாதேவி என்று பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். காற்றோட்டமான இடத்தில் வீடு என்பது மலபார் ஹில் பணக்காரர்களின் சமாச்சாரம்.

இதை மாற்றியது பிளேக். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் ஆரம்பித்தது. ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள், வியாபாரம் படுத்தது. நெருக்கமும் அழுக்கும்தான் நோய்க்குக் காரணம் என்று அரசாங்கம் முடிவு கட்டி, 1898-ல் ஒரு சட்டம் போட்டு பாம்பே இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை உண்டாக்கியது. டிரஸ்டின் வேலை இரண்டு. ஒன்று, நெரிசலான பேட்டைகளை இடித்து அகலமான ரோடு போடுவது. பிரின்சஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு எல்லாம் அப்படி வந்தவை. இடிபட்ட வீட்டுக்காரன் எங்கே போனான் என்பதைப் பற்றி டிரஸ்ட் ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது, ஊருக்கு வடக்கே வயலும் வரப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா நிலங்களை வாங்கி, மனை பிரித்து, ரோடும் சாக்கடையும் போட்டு ஒரு புறநகரையே புதிதாக வரைவது.

திட்டம் பேப்பரில் அழகாகத்தான் இருந்தது. நடுத்தர வர்க்கத்துக்குத் தோட்டத்தோடு கூடிய வீடுகள், மர நிழலில் தெருக்கள், நடுவில் பூங்காக்கள். மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடந்து பார்த்தால் அந்த வரைபடத்தின் மிச்சம் இன்றைக்கும் தெரியும். டிரஸ்டில் இன்ஜினியராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி, பார்சி நடுத்தரக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்க வைத்தார். தாதர் பார்சி காலனி அப்படிப் பிறந்தது.

ஆனால் மாட்டுங்கா மனைகள் சீக்கிரம் போணியாகவில்லை. ஆபீஸ் தெற்கே கோட்டையில் இருக்க, பத்து கிலோமீட்டர் வடக்கே வயல்காட்டில் யார் வந்து குடியிருப்பார்கள்? பள்ளிக்கூடம் இல்லை, கடை இல்லை. டிரஸ்ட் எதிர்பார்த்த தோட்ட வீட்டுக்காரர் வரவேயில்லை. கடைசியில் வந்து நின்றவை இரண்டு மூன்று மாடி வாடகைக் கட்டடங்கள். நிகில் ராவ் 2013-ல் வெளியிட்ட 'ஹவுஸ், பட் நோ கார்டன்' என்கிற ஆங்கிலப் புத்தகம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. தலைப்பே சொல்கிறது பாருங்கள், வீடு உண்டு, தோட்டம் இல்லை. மாட்டுங்காவில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள், இருக்க ஆசைப்பட்டு வாடகையைக் கேட்டு ஓடிவந்தவர்கள் (அடியேன்) எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம்.

அந்தக் கட்டடங்களின் பெரிய புதுமை என்ன தெரியுமா? கக்கூஸ். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வீட்டுக்குள்ளேயே தனிக் கக்கூஸ். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். ஆசாரம் பார்க்கிற குடும்பங்களுக்கு அன்றைக்கு அது லேசான விஷயம் இல்லை. ஊரில் கொல்லைப்புறக் கோடியில் இருந்த சமாச்சாரம் சமையலறைக்கு நாலடி தள்ளி வந்துவிட்டது! ஆனால் அடுத்த ஜாதிக்காரரோடு பொதுக் கக்கூஸில் வரிசையில் நிற்பதை விட, இந்தச் சங்கடம் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. மாட்டுங்கா ஃப்ளாட்டின் கவர்ச்சியில் சுகாதாரமும் உண்டு, ஜாதியும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

யார் இந்தக் குடும்பங்கள்? தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டுப் பக்கமிருந்து இங்கிலீஷும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறிய பையன்கள், பெரும்பாலும் பிராமணர்கள். நம்மூரில் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. பம்பாயில் ரயில்வே, இன்ஷூரன்ஸ், பேங்க், வெள்ளைக்காரக் கம்பெனி என்று எல்லாவற்றுக்கும் குமாஸ்தா தேவைப்பட்டது. முதலில் வந்தவர்கள் தனி ஆட்கள். நாலைந்து பேராக ஒரு அறை, மெஸ்ஸில் சாப்பாடு. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராம நாயக் 1942-ல் ஆரம்பித்த உடுப்பி போர்டிங்கில் இன்றைக்கும் இலை போட்டுச் சாப்பாடு போடுகிறார்கள். 1940-ல் வந்த கஃபே மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையைப் பார்த்தால், டிஃபன் எதற்கு, விரதமே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

போக்குவரத்தும் கை கொடுத்தது. 1853-ல் தானே வரைக்கும் ஓடிய ரயில் பாதை மாட்டுங்கா வழியாகத்தான் போகிறது. ஜி.ஐ.பி. ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் 1915-ல் மாட்டுங்காவிலேயே வந்தது. 1925 பிப்ரவரி 3-ம் தேதி இந்தியாவின் முதல் மின்சார ரயில் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஹார்பர் பாதையில் ஓடியது, பக்கத்து வடாலா வழியாக. மாதாந்தர சீசன் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையில் குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் பத்து மணிக்கு ஆபீஸில் கையெழுத்துப் போடலாம். ஊர் வாழ்க்கையின் காலை நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு பட்டணத்துச் சம்பளம் வாங்க முடிந்தது. மாட்டுங்கா பிடித்துப்போனதற்கு இதுவே பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதி பள்ளிக்கூடம். மனைவி மக்கள் வந்து சேர்ந்ததும் அடுத்த கேள்வி அதுதானே. பிள்ளைகளை எங்கே சேர்ப்பது? யாராவது கட்டித் தருவார்கள் என்று காத்திருக்காமல், இருந்தவர்களே ஆரம்பித்தார்கள். எம்.வி. வெங்கடேஸ்வரன் முன்னின்று சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியை 1932-ல் தொடங்கினார். எஸ்.ஐ.இ.எஸ். என்றால் மும்பைத் தமிழர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களும் கட்டினார்கள். வி.ஜே.டி.ஐ. 1923-ல் பைகுல்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு இடம் மாறி வந்தது. ருயா கல்லூரியும் கால்ஸா கல்லூரியும் 1937-ல், பொத்தார் காமர்ஸ் கல்லூரி 1941-ல். ஒண்ணாம் கிளாஸ் முதல் இன்ஜினியரிங் வரைக்கும் நடந்தே போய்ப் படித்து முடிக்கலாம் என்கிற நிலைமை இருபது வருஷத்துக்குள் உருவாகிவிட்டது.

பேங்க்காரன் புத்தி எனக்கு. வாடகைச் செலவு மாசம் பிறந்தால் போய்விடும். ஆபீஸ் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. பள்ளிக்கூடம் மட்டும் கட்டின இடத்திலேயே இருக்கிறது, வயசாக வயசாக மதிப்பு ஏறுகிற சொத்து அது. முதல் தலைமுறை ஆபீஸுக்காக மாட்டுங்கா வந்தது. இரண்டாம் தலைமுறை, ஆபீஸ் எங்கே இருந்தாலும், பள்ளிக்கூடத்துக்காக மாட்டுங்காவை விடவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ரயில் பாதைக்கு மேற்கே போகணும். மாட்டுங்கா பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருவதில்லை.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தால் அரை மணிக்குள் தாராவி. அங்கேயும் தமிழர்கள்தான். மாட்டுங்கா ஃப்ளாட்டுகள் எழும்புவதற்கு முன்பே, 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அங்கே தோல் பதனிடும் தொழிலில் இருந்தார்கள். ஆபீஸ் பக்கமாக வீடு என்கிற கணக்கில் பார்த்தால் தாராவிக்காரரை யாரும் மிஞ்ச முடியாது, தொழிற்கூடத்திலேயே குடியிருந்தார்கள். ஆனால் டிரஸ்ட் அவர்களுக்காக மனை பிரிக்கவில்லை. மாட்டுங்கா வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பணம் இருந்தாலும் வீடு கிடைத்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. மாட்டுங்கா பிள்ளைகளுக்கு எஸ்.ஐ.இ.எஸ். என்றால் தாராவிப் பிள்ளைகளுக்கு மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி. பின்னாளில் அங்கேயும் தமிழர்கள் காமராஜர் பெயரில் சொந்தமாக ஒரு பள்ளி கட்டினார்கள்.

ஆக, ஒரே மொழி, ஒரே மாகாணம், நடுவில் ஒரு தண்டவாளம். 'நல்ல ஏரியா' என்று புரோக்கர் சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வந்துவிடும். நான் வீடு தேடியபோது கேட்ட முதல் கேள்வி சம்பளம் இல்லை. "சவுத் இண்டியன்? வெஜிடேரியன்?" தான். ஆமாம் என்று சொன்னதும் மூன்று கதவுகள் திறந்தன. அதே வாரம் என் சக அதிகாரி ஒருவருக்கு, அதே கிரேடு, அதே லீஸ் லிமிட், அந்த மூன்று கதவுகளும் திறக்கவில்லை. அவர் சாப்பாட்டில் மீன் உண்டு, பெயரில் வேறு மதம் உண்டு.

சரி, மாட்டுங்காவே இவ்வளவு வசதி என்றால் நம் ஜனம் ஏன் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று சிதறியது? இதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1947-ம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1-ம் தேதி வாடகையை அளவுகோலாக வைத்து உறைய வைத்துவிட்டது. யுத்தகாலத்து விலைவாசியில் குடித்தனக்காரரைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் வெளியே நின்றவனுக்குக் கதவு சாத்தப்பட்டது. குறைந்த வாடகை வீட்டை யார் காலி செய்வார்கள்? வீட்டுக்காரரும் ரிப்பேர் செய்வதை நிறுத்தினார். உள்ளே நுழைய வேண்டுமானால் 'பகடி' என்று மொத்தமாக ஒரு தொகை கொடுக்கணும். அறுபதுகளில் வந்து இறங்கிய ஒரு டைப்பிஸ்டுக்கு அந்தத் தொகை எட்டாக்கனி. சட்டம் மாற 1999 ஆகிவிட்டது. பழைய குடித்தனக்காரருக்கு அதிலும் பாதுகாப்பு தொடர்ந்தது.

அதே சமயம் கிழக்கே டிராம்பேயில் புதுசாக வேலைகள் முளைத்தன. 1954, 55-ல் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், 1957-ல் நேரு திறந்து வைத்த அணுசக்தி நிலையம். அவற்றுக்குப் பக்கத்தில் மனையும் காற்றும் இருந்த ஊர் செம்பூர். குமாஸ்தாவின் மகன் இன்ஜினியராகவும் விஞ்ஞானியாகவும் ஆகி செம்பூர் போனான். பின்னாலேயே சபா, முருகன் கோயில், காய்கறிக் கடையில் வாழைப்பூ எல்லாம் போயின. எஸ்.ஐ.இ.எஸ். 1960-ல் கல்லூரி கட்டியது சயானில். மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவே என்பதைக் கவனியுங்கள்.

1966 ஜூனில் சிவசேனா ஆரம்பித்தது. அதற்கு முன்பே 'மார்மிக்' பத்திரிகையில் கம்பெனிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் வந்தன. உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. மராட்டிய இளைஞனுக்குச் சொந்த ஊரில் ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை என்கிற ஆதங்கம் பொய் இல்லை, நம்மூரில் இப்படி நடந்திருந்தால் நாமும் சும்மா இருந்திருக்க மாட்டோம். ஆனால் பட்டியலில் பெயர் வந்த மனிதருக்கு அது பயம்தானே. வீடு பார்ப்பவர்களின் கணக்கில் அந்தச் சமயத்தில் நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கும்: அக்கம்பக்கத்தில் நம்மாட்கள் இருக்கிறார்களா?

சொந்த வீடு என்பதும் அப்போதுதான் வழக்கத்துக்கு வந்தது. ஃப்ளாட் வாங்குகிறவர்களைப் பாதுகாக்க மகாராஷ்டிரம் 1963-ல் சட்டம் போட்டது. ஆனால் கடன் கொடுக்க ஆள் இல்லை. ரிடையர் ஆகி பி.எஃப். பணம் வந்ததும் வீடு, அதுவரை வாடகை, அதுதான் நடைமுறை. 1977-ல் எச்.டி.எஃப்.சி. தொடங்கி, அடுத்த வருஷம் முதல் கடனைக் கொடுத்தது. முப்பது வயசுக்காரன் இருபது வருஷக் கடனில் வீடு வாங்கலாம் என்பது இந்த நாட்டு நடுத்தர வர்க்கத்துக்கு அன்றைக்குப் புதுச் செய்தி. அந்தக் கம்பெனி 2023-ல் தன் பேங்க்கோடே சேர்ந்துவிட்டது, அது தனிக்கதை. கடன் கைக்கு வந்ததும் மாட்டுங்கா வேண்டாம், எங்கே விலை படிகிறதோ அங்கே என்று ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஜனம் போய்க்கொண்டே இருந்தது.

நவி மும்பை இதில் வேடிக்கையான கேஸ். சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரிஷ் படேல் மூவரும் 1965-ல் கடற்கழிக்கு அந்தப் பக்கம் ஒரு புது நகரம் என்று யோசனை சொன்னார்கள். 1970-ல் சிட்கோ பிறந்தது, 1973-ல் வாஷிப் பாலம் வந்தது. ஆபீஸ்கள் அங்கே போகும், ஜனமும் பின்னால் போகும் என்பது கணக்கு. தலைமைச் செயலகம் நகரவே இல்லை. வாஷிக்கு ரயில் வந்தது 1992 மே மாதம்! பாலத்துக்கும் ரயிலுக்கும் நடுவே பத்தொன்பது வருஷம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இப்போது ஆபீஸே இடம் மாறிவிட்டது. மித்தி ஆற்றின் சதுப்பு நிலத்தில் 1977 முதல் திட்டம் போட்டு உருவாக்கிய பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் செபி, நபார்டு, தேசியப் பங்குச்சந்தை, பல பேங்க்குகளின் தலைமையகம் எல்லாம் வந்தாயிற்று. நூறு வருஷமாகத் தெற்கே பார்த்து ஓடிய ஜனம் இப்போது நடுவே பார்த்து ஓடுகிறது. தாராவிக்கு ஒட்டினாற்போல இருக்கிறது இந்தக் காம்ப்ளெக்ஸ். யாரும் சீந்தாத இடத்தின் மண்ணுக்கு இன்றைக்கு இத்தனை போட்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் சொந்தக் கணக்கில் மாட்டுங்கா லீஸ் லிமிட்டைத் தாண்டியது. மாற்றல் வேலைக்காரன் பிள்ளைகளுக்காகவே 1963-ல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயாவா, பக்கத்துத் தனியார் பள்ளியா என்று தங்கமணியும் நானும் ஒரு மாசம் சண்டை போட்டு, செம்பூரில் வீடும் மகளுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளியும் என்று முடிவு செய்தோம். 2019 நவம்பரில் சுனாபட்டியிலிருந்து காம்ப்ளெக்ஸுக்கு நேராகப் போகிற மேம்பாலம் திறந்த பிறகு என் ஆபீஸ் பயணமும் பாதியானது. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, பாலம் கட்டியவர் புண்ணியம்.

போன மாசம் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மேனேஜர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு உல்வேயில் ஃப்ளாட் புக் பண்ணிவிட்டார். 2024 ஜனவரியில் அடல் சேது திறந்தாயிற்று, 2025 அக்டோபரில் விமான நிலையமும் பக்கத்திலேயே திறந்து வைத்தாயிற்று, விலை ஏறாமல் இருக்குமா என்கிறார். ஏறும்தான். பையனுக்கு எந்த ஸ்கூல் என்று கேட்டேன். நெருலில் சீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம், ஸ்கூல் பஸ் அந்தப் பக்கம் வருமா என்று மட்டும் இன்னும் விசாரிக்கவில்லை.